அட்டாக் வந்தவரின் ஆறு மாதம்

பாம்பன் பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்தால், தங்கச்சிமடத்துக்கு முன்பே வந்துவிடும் ஊர் அக்காள்மடம். இராமேசுவரம் போகிற யாத்திரை வண்டிகள் பெரும்பாலும் நிற்காமல் கடந்துவிடுகிற மீனவர் ஊர். இங்கே ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சை அடைத்தால், வீட்டார் போடுகிற கணக்கெல்லாம் கிலோமீட்டர் கணக்குதான். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாற்பதுக்கு மேல். அங்கிருந்து மதுரைக்கு இன்னும் நூறுக்கு மேல். 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவை விட்டு வெளியேற ரயிலையும் படகையும் விட்டால் வேறு வழி கிடையாது.

அந்தத் தூரத்தைச் சுருக்கத் தமிழ்நாடு நிறையவே செய்திருக்கிறது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து நடத்திய ஒரு திட்டத்தின் முடிவுகள் 2017இல் வெளியாயின: கடுமையான மாரடைப்பு வந்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்தது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடார்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகளை ஒரே நேரத்தில் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிற ஏற்பாடு அது. இராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 2022 ஜனவரியில். முதல் சில மணி நேரத்தைப் பொறுத்தவரை இந்தக் கரையின் நிலைமை ஒரு தலைமுறைக்கு முன்பிருந்ததைவிட எவ்வளவோ மேல்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, மாத்திரைப் பையும் சீட்டுமாக வீடு திரும்பிய பிறகு வரும் மாதங்கள்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். அந்த மாதங்களை யாரும் கிலோமீட்டரில் அளப்பதில்லை. ஆனால் அவற்றிலும் உயிர் போகிறது. எப்படிப் போகிறது என்பதைக் கனடாவில் ஒரு குழு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிக் காட்டியது.

மான்ட்ரியலில் நான்சி பிரேசர்-ஸ்மித், பிரான்சுவா லெஸ்பெரான்ஸ் இருவரும் சக ஆய்வாளரோடு சேர்ந்து, மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்த 222 பேரை, அட்டாக் வந்த ஐந்திலிருந்து பதினைந்து நாட்களுக்குள் உட்கார வைத்துப் பேசினார்கள். 35 பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மொத்தம் 12 பேர் இறந்திருந்தார்கள். சோர்வு இல்லாதவர்களில் இறந்தவர்கள் 3 சதவீதம். சோர்ந்திருந்தவர்களில் 17 சதவீதம். இதயத்தின் இடது அறை எவ்வளவு பழுதாகியிருக்கிறது, முன்பே ஒரு அட்டாக் வந்திருக்கிறதா என்று இதய மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கும் அறிகுறிகளுக்குச் சமமாகவே மனச்சோர்வும் மரணத்தை முன்கூட்டிக் காட்டியது. 1993இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த இந்தக் கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் இதே கேள்வியை வைத்து ஆய்வுகள் நடந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகளில் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று நின்றது. முதல் ஆய்வின் எண் அதைவிடப் பெரிது. அதில் இருந்தவர்கள் குறைவு. இரண்டு மடங்கே போதுமான அளவுக்குப் பெரிய எண். அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு, மனச்சோர்வை மாரடைப்புக்குப் பிந்தைய அபாயக் காரணிகளின் பட்டியலில் சேர்க்கச் சொன்னது 2014இல்தான்.

சொல்லப்போனால் சங்கதி அதைவிடப் பழையது. நியூயார்க் மாநில மனநல மருத்துவமனைகளில் இருந்த மனச்சோர்வு நோயாளிகள் மற்றவர்களைவிட அதிகமாக இறக்கிறார்கள் என்றும், அதில் இதய நோய்க்குப் பெரிய பங்கு இருக்கிறது என்றும் பெஞ்சமின் மால்ஸ்பெர்க் என்ற புள்ளியியலாளர் 1937இலேயே எழுதினார். இடையில் ஐம்பது ஆண்டுகள் வீணாயின. 1950களின் இறுதியில் வந்த ‘ஏ வகை’ ஆளுமைக் கோட்பாடு எல்லோருடைய கவனத்தையும் பறித்துக்கொண்டது: எப்போதும் அவசரப்படுகிறவன், கோபக்காரன், போட்டி போடுகிறவன், அவனுக்குத்தான் மாரடைப்பு வரும் என்று. புகையிலை நிறுவனங்களுக்கு அது வசதியாக இருந்தது, ஆராய்ச்சிக்குப் பணமும் கொடுத்தார்கள். பரபரப்பான அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்ததில், மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கவில்லை.

அப்படி உட்கார்ந்திருப்பவரை அக்காள்மடத்தில் அடையாளம் காண்பது எளிதா? அட்டாக் வந்து போனவர் மனச்சோர்வு என்று வந்து நிற்கமாட்டார். “அசதியா இருக்கு, சோறு எறங்கல, ராத்திரி தூக்கம் இல்ல, படபடன்னு வருது” என்பார். சிக்கல் என்னவென்றால், இவை அத்தனையும் பழுதான இதயத்தின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாகக் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் அசதியைக் கொடுக்கும். ஆகவே மருத்துவர் இசிஜி எடுப்பார், எக்கோ பார்ப்பார், மாத்திரையின் அளவை மாற்றுவார். இரண்டும் சரியாக இருந்தால் “ஒண்ணுமில்ல, தைரியமா இருங்க” என்று அனுப்பிவிடுவார். அந்த ஒண்ணுமில்லைக்குள் நோய் இருக்கக்கூடும்.

இதற்கென்று உலகெங்கும் பயன்படும் மிகச் சுருக்கமான சோதனையில் இரண்டே கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? வழக்கமாகச் செய்கிற காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் போனதா? முதல் கேள்விக்கு நம் ஆண்கள் உண்மையான பதில் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவதை ஊருக்கு ஏற்றபடி கேட்கலாம், அதுவும் வீட்டுப் பெண்ணிடம் கேட்கலாம். படகு கரைக்கு வரும் நேரம் எழுந்து போய்ப் பார்க்கிறாரா? “இன்னைக்கி பாடு எப்படி?” என்று யாரிடமாவது விசாரிக்கிறாரா? நாற்பது வருடம் கடலோடு கிடந்த மனிதர் மீன்பாடு விசாரிப்பதை நிறுத்திவிட்டார் என்றால், அதை எந்த எக்கோவும் காட்டாது.

சோர்ந்த மனம் இதயத்தை எந்த வழியாகப் போய்ச் சேருகிறது? உடலுக்குள்ளேயே சில வழிகள் இருக்கின்றன. மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு இதயத் துடிப்பின் இடைவெளிகளில் இருக்கவேண்டிய இயல்பான ஏற்ற இறக்கம் குறைந்துவிடுகிறது. தன்னியக்க நரம்பு மண்டலத்தின் பிடி தளர்ந்திருப்பதன் அடையாளம் அது. ஆபத்தான தாளக் கோளாறுகளுக்கு அது இடம் கொடுக்கிறது. இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. அழற்சியைக் காட்டும் பொருட்கள் இரத்தத்தில் கூடுகின்றன, கார்டிசால் கூடுகிறது. இவையெல்லாம் ஆய்வகத்தில் அளந்து பார்த்தவை.

ஆனால் எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது சான் பிரான்சிஸ்கோவில் மேரி ஹூலியும் குழுவினரும் செய்த ஆய்வு. இதய நோயோடு வாழும் 1,017 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தவர்களில் ஆண்டுக்கு 10 சதவீதத்தினருக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, மரணம் என்று ஏதாவதொன்று நேர்ந்தது. இல்லாதவர்களில் 6.7 சதவீதம். இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். உடல் உழைப்பின்மை முதலான பழக்கங்களைக் கணக்கில் சேர்த்ததும் வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. 2008இல் வந்த முடிவு இது. சோர்ந்தவர் நடப்பதில்லை. நடக்காததால் இதயம் கெடுகிறது. அதே ஆய்வில் இன்னொரு விவரம்: மாத்திரையைச் சொன்னபடி சாப்பிடாதவர்கள், சோர்வு இல்லாதவர்களில் 5 சதவீதம், சோர்ந்தவர்களில் 14 சதவீதம்.

இதை அக்காள்மடத்துக் கரையில் வைத்துப் பார்க்கவேண்டும். நகரத்து நோயாளிக்கு நடைப்பயிற்சி என்பது அலுவலகத்துக்கு முன்னோ பின்னோ தனியாகச் செய்கிற காரியம். மீனவருக்குத் தொழில்தான் உடற்பயிற்சி. வலை இழுப்பதும் ஐஸ் பெட்டி தூக்குவதும் படகைத் தள்ளுவதுமாக உழைத்த உடம்பு அது. “இனி கனமான வேலை வேண்டாம்” என்று மருத்துவர் சொன்னதும், தொழிலோடு சேர்ந்து நடமாட்டமும் நின்றுபோகிறது. வேலை இல்லாமல் சும்மா கரையோரம் நடப்பதை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும், அவருக்கே கூச்சமாக இருக்கும். மெதுவாகத் தொடங்கி இத்தனை வாரத்தில் இவ்வளவு நடக்கலாம், இன்ன வேலையைச் செய்யலாம், இன்னதைத் தொடக்கூடாது என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பதற்கு இதய மறுவாழ்வுப் பயிற்சி என்று பெயர். பெரிய நகரங்களின் சில மருத்துவமனைகளைத் தாண்டி அது எங்கும் பரவவில்லை. “கனமான வேலை வேண்டாம்” என்ற ஒற்றை வாக்கியம் வீட்டுக்கு வந்து சேரும்போது “படுத்தே இரு” என்றாகிவிடுகிறது. வலை பொத்துகிற வேலையாவது கையில் இருக்கிறவர் பிழைத்தார்; கரையில் நாலு பேரோடு உட்கார்ந்திருப்பார்.

இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 3,959 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. யோகப் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட எளிய மறுவாழ்வு முறை அது. மறு மாரடைப்பையும் மரணத்தையும் அது குறைத்தது என்று நிறுவ முடியவில்லை. ஆனால் பயிற்சி எடுத்தவர்கள் தங்கள் உடல்நிலை நன்றாக இருப்பதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்குக் கூடுதலாகத் திரும்பினார்கள். மீனவருக்கு இரண்டாவது விஷயம் சின்ன விஷயமே இல்லை.

சரி, மனச்சோர்வுக்குச் சிகிச்சை கொடுத்தால் ஆயுள் நீளுமா? இங்கேதான் வாசகர் நிதானமாகப் படிக்கவேண்டும், ஏனென்றால் பதில் நாம் விரும்புகிறபடி இல்லை. அமெரிக்காவில் 2,481 மாரடைப்பு நோயாளிகளைச் சேர்த்து மிகப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. ஒரு பிரிவுக்கு மாதக்கணக்கில் அறிவாற்றல் சார்ந்த பேச்சுச் சிகிச்சை, கடுமையானவர்களுக்கு மாத்திரையும். மனம் தேறியது, தனிமை குறைந்தது. ஆனால் சராசரியாக 29 மாதம் கழித்துப் பார்த்தபோது, மறு அட்டாக்கோ மரணமோ இல்லாமல் இருந்தவர்கள் சிகிச்சைப் பிரிவில் 75.8 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 75.9 சதவீதம். 2003இல் இந்த எண்கள் வெளிவந்தபோது துறையில் பலர் சோர்ந்துபோனார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த, செர்ட்ராலின் மாத்திரையைப் பற்றிய 369 பேர் ஆய்வு அது இதய நோயாளிக்குப் பாதுகாப்பானது என்று காட்டியது. உயிர் காக்கிறதா என்று சொல்லும் அளவுக்கு ஆய்வு பெரியதல்ல. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2018இல், தென்கொரியாவின் குவாங்ஜூவிலிருந்து வேறு மாதிரியான முடிவு வந்தது. அட்டாக்குக்குப் பிறகு மனச்சோர்வு கண்ட 300 பேரில் பாதிப் பேருக்கு எஸிடாலோபிராம், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, 24 வாரம். எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் பெரிய இதயக் கோளாறுகள் முதல் பிரிவில் 40.9 சதவீதம், இரண்டாவதில் 53.6 சதவீதம். ஒரே மருத்துவமனையில் 300 பேரை வைத்து நடந்த ஆய்வைக் கொண்டு உலகத்துக்கே முடிவு சொல்ல நான் தயாரில்லை.

அப்படியானால் எதற்காக இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். ஆயுளை நீட்டினால்தான் ஒரு நோய்க்கு மருந்து கொடுக்கவேண்டும் என்று நாம் வேறெங்கும் நிபந்தனை போடுவதில்லை. மூட்டுவலிக்குப் போடுவதில்லை, கண்புரைக்குப் போடுவதில்லை. மனச்சோர்வு தானே ஒரு வதை. அதோடு அது மாத்திரையை மறக்க வைக்கிறது, நடையை நிறுத்துகிறது, பீடியை மறுபடி எடுக்க வைக்கிறது. இதய மருத்துவர் நோயாளியிடம் எதிர்பார்க்கிற அத்தனையும் மனம் ஒத்துழைத்தால் மட்டுமே நடக்கக்கூடியவை.

தொடர்பு இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. அதாவது முதல் அட்டாக்குக்கு முன்பே. 52 நாடுகளில் சலீம் யூசுப் தலைமையில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. மாரடைப்பு வந்தவர்களில் 24 சதவீதத்தினர் முந்தைய ஆண்டில் மனச்சோர்வு இருந்ததாகச் சொன்னார்கள்; வராதவர்களில் 17.6 சதவீதம். அதே ஆய்வின் தரவில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்றவர்களுக்கு 58.8. சென்னையில் 25,455 பேரிடம் நடந்த கணக்கெடுப்பில், 2009இல், மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தவர்கள் 15.1 சதவீதம். கடல் தாண்டிப் போனால், போருக்குப் பிந்தைய யாழ்ப்பாண மாவட்டத்தில் 22.2 சதவீதம் என்று 2011இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தப் போருக்குத் தப்பி வந்தவர்களின் முகாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் இருக்கிறது.

இந்த எண்களை அப்படியே தூக்கி அக்காள்மடத்தின் மீது ஒட்டிவிடக்கூடாது. ஆனால் இந்தக் கரையின் வாழ்க்கையில் மனத்தை அழுத்துவது எது என்று ஆராய்ந்து கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மற்ற நாட்களில் எல்லைக்கோடு. பிடிபட்டால் ஆள் சிறையில், படகு இலங்கைத் துறைமுகத்தில், கடன் இங்கே. 2011 நவம்பரில் கைதான தங்கச்சிமடம் பகுதி மீனவர்கள் ஐவருக்குப் போதைப்பொருள் வழக்கில் 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அடுத்த மாதமே விடுதலையாகி வந்தார்கள். இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் அந்த வீடுகளில் எப்படிக் கழிந்தன என்பதை எந்த மருத்துவச் சீட்டும் பதிவு செய்திருக்காது. கவலையும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. கவலைப்படக் காரணம் உள்ளவரைக் கவலைப்படாதே என்று மாத்திரை கொடுத்து அனுப்புவது வைத்தியம் ஆகாது. ஆனால் காரணம் இருக்கிறது என்பதற்காக நோயைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் அதே அளவு தவறு. “அவருக்கு இருக்கிற கஷ்டத்துக்கு அப்படித்தான் இருப்பார்” என்று சொல்லி நாம் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

இராமநாதபுரம் மாவட்டத்தில் மனநோய் என்றதும் நினைவில் எழுவது ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தர்காவை ஒட்டிய ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. தர்காவுக்கு வருகிறவர்களுக்குத் தொழுகையோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு பிறகு ஏற்பாடு செய்தது; நல்ல ஏற்பாடு. ஆனால் ஊர் மனத்தில் பதிந்த படம் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. அட்டாக் வந்து இரண்டு மாதமாகப் பேச்சுக் குறைந்துபோன அப்பாவை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகலாம் என்று மகன் சொன்னால், “என்னை ஏர்வாடியில கொண்டுபோய் விடப் பாக்குறியா?” என்ற பதில் வரும் மாவட்டம் இது. தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் 12 மாநிலங்களில் நடந்தது, தமிழ்நாடும் அதில் உண்டு. மனச்சோர்வு போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதத்தினர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று அது கண்டது. மருத்துவர் இல்லாதது ஒரு காரணம், வாசலை மிதிக்கக் கூச்சப்படுவது இன்னொன்று.

ஆகவே அந்த வாசலுக்குப் போகச் சொல்லாத வழி வேண்டும். அதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த 495 மனச்சோர்வு நோயாளிகளில் ஒரு பிரிவினரிடம் ஆறிலிருந்து எட்டு முறை பேசவைத்தார்கள். அந்தப் பேச்சின் சாரம், விட்டுப்போன வேலைகளில் ஒன்றிரண்டை மறுபடி தொடங்க வைப்பது. மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேருக்கு நோய் விலகியிருந்தது. வழக்கமான கவனிப்பில் 39 சதவீதம். சென்னை உட்பட நான்கு ஊர்களின் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் நடந்த இன்னொரு ஆய்வில், மனச்சோர்வும் சர்க்கரையும் சேர்ந்திருந்த 404 பேரில் ஒரு பிரிவினரை ஒரே இடத்தில், ஒரே குழு கவனித்தது. இரண்டு ஆண்டில் மனச்சோர்வு பாதியாவது குறைந்து, அதோடு சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கொழுப்போ தேறியவர்கள் 71.6 சதவீதம், மற்ற பிரிவில் 57.4. மனநல மருத்துவர் தனியாக எங்கோ உட்காராமல், சர்க்கரை மருத்துவருக்குப் பின்னால் இருந்து வழிகாட்டினார். நோயாளி போனது சுகர் ஆஸ்பத்திரிக்கு. அங்கே போக யாருக்கும் கூச்சம் இல்லை.

தமிழ்நாட்டில் இதற்குத் தோதான ஆள் ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீடு தேடிக் கொடுக்கிறார்கள். அவர்கள் வெளியூர் அதிகாரிகள் இல்லை, அதே வட்டாரத்துப் பெண்கள். “மாத்திரை தீந்திருச்சாண்ணே?” என்று கேட்கிறவர், “படகு வர்ற நேரம் கரைக்குப் போறீகளா?” என்றும் கேட்கலாம். வீட்டில் இருக்கும் அக்காவிடம் தனியாகவும் விசாரிக்கலாம். பெண் நோயாளிகள் விஷயத்தில் இது இன்னும் அவசியம். மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு பெண்களுக்கு ஆண்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று மான்ட்ரியல் குழுவே 1999இல் காட்டியது. தீவுகளைச் சுற்றிக் கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கிற பெண்ணுக்கு அட்டாக் வந்தால், ஓய்வெடு என்று சொல்வதற்கு வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

கேள்வி கேட்பதோடு நின்றுவிட்டால் பயன் இல்லை. அமெரிக்காவில் அட்டாக் வந்த 1,500 பேரை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு இருக்கிறதா என்று சோதித்த பிரிவுக்கும் சோதிக்காத பிரிவுக்கும் 18 மாதத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. கண்டுபிடித்தவருக்கு அடுத்த படி என்ன என்பது இல்லாத இடத்தில் சோதனை வெறும் படிவம். ஆகவே முதலில் தேவை அந்த அடுத்த படி: மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தீவுக்கு எந்தக் கிழமை வருகிறார் என்ற தகவல் தன்னார்வலரின் கையில் இருக்கவேண்டும். அதுவரைக்கும் 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபர் முதல் செயல்படுகிறது, தமிழில் பேசலாம்.

மாத்திரை எழுதுகிறவருக்கும் ஒன்று. மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் மலிவாகக் கிடைக்கிற அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய மாத்திரைகள் இதயத் தாளத்தைக் குலைக்கக்கூடியவை. அட்டாக் வந்தவருக்கு அவை கூடாது. செர்ட்ராலினுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் அந்த வகை மாத்திரைகள் ஆஸ்பிரினோடும் குளோபிடோக்ரெலோடும் சேரும்போது வயிற்றில் இரத்தக் கசிவு வர வாய்ப்பு கூடுகிறது. எனவே மனநல மருத்துவரிடம் போகிறவர் ஸ்டென்ட் வைத்த சீட்டையும் கையோடு கொண்டுபோகவேண்டும், இதய மருத்துவரிடம் போகும்போது இந்தச் சீட்டையும். இரண்டு சீட்டும் ஒரே பையில் இருந்தால் நல்லது.